சாம்பல் இல்லாத கரை

பிப்ரவரி 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம், உன் மாமாவின் இருமலைத் தவிர. அது கல்குவாரி கொடுத்த சொத்து. விற்கவும் முடியாது, யாருக்கும் எழுதிக்கொடுக்கவும் முடியாது.

முதலில் ஒரு கேள்வி. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் நான் ஏன் பெயிண்ட் கடை முகவரிக்கே உனக்குக் கடிதம் போட வேண்டும்? உனக்கு வீடு இல்லையா? அந்த வீட்டுக்குக் கதவு இல்லையா? கேட்டுவிட்டேன், பதிலை யோசித்து வை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரையில் ஓட்டல் கம்பெனிக்காரர்கள் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். கரையைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார்களாம். அது கைமாறிவிட்டால் நாம் நாணல் அறுக்கவும் போக முடியாது, தங்கவும் முடியாது. நல்ல வேளையாகப் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. ஓர் இடத்துக்கு ஆதிக்குடிகள் யார் என்று நிரூபித்தால் அந்த இடம் அவர்களுக்குத்தான். சித்தப்பா மனு எழுதிவிட்டார். அவருடைய தமிழை நீயும் ரசி: "துரைமார் கப்பலேறி வருவதற்கு முன்பிருந்தே கரையில் குடியிருந்த நாணல்காரர்களாகிய எங்களை, டவுனுக்குத் தண்ணீர் வேண்டுமென்று வேலி போட்டு விரட்டி, குவாரியின் வரிசை வீடுகளில் அடைத்துக் கூலிகளாக்கினார்கள். துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். வேலி போகவில்லை. ஆயினும் வருஷத்துக்கு இரண்டு அறுப்புக்கும் நாங்கள் வேலி தாண்டிப் போய்க் குடும்பத்தோடு தங்கி வருகிறோம்."

ஓட்டல் வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? நாணல்காரர் என்று ஒரு ஜனமே கிடையாதாம். குவாரிக் கூலிகள் நிலத்துக்காகக் கட்டின கதையாம். "அப்படி ஒரு ஜனம் இருந்தா, டவுனுக்குப் போனவங்கள்ல ஒருத்தராவது தன்னை அப்படிச் சொல்லிக்கணுமே, எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

விசாரணைக் குழு உன் நகரத்தில்தான் உட்காருகிறது. நீ போய் நின்று, நான் நாணல்காரன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள், ஏணியில் ஏறும்போது வேடிக்கை பார்க்காதே.

உன் அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு வணக்கம்.

நான் சுகம். மாமாவை டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டு. தூசி நெஞ்சில் தங்கினால் லேசில் இறங்காது. என் கதையும் அதுதான், உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்துத் தேய்த்து நானே பாதி வெள்ளையாகிவிட்டேன்.

ஒரு வேடிக்கை. எங்கள் மேஸ்திரி அரசாங்கக் கட்டடம் ஒன்றில் வேலை பிடித்தார். ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு வாசல் பலகையைப் படித்தால், ஆதிக்குடி விசாரணைக் குழு! சித்தப்பாவின் மனு எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையின் சுவர் ஓட்டைகளை அடைத்து நான்தான் பட்டி பார்க்கிறேன். பட்டி பூசுகிறவனை யாரும் ஆளாக நினைப்பதில்லை. அதனால் எல்லாமே காதில் விழுகிறது.

குழுவில் மூன்று பேர். தலைவரம்மா நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் சீக்கிரம் சிரிக்க மாட்டார். ஒரு பேராசிரியர், ஒரு நில அதிகாரி. நேற்று பேராசிரியர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: "தனி பாஷை இல்ல. தனி சாமி இல்ல. தனி உடுப்பு இல்ல. எதை வச்சும்மா தனி ஜனம்னு எழுதறது?" தலைவரம்மா, "எல்லாத்தையும் புடுங்கினது யாருன்னு ஒரு வரி எழுதுங்க, மிச்சத்தை அப்புறம் பாப்போம்" என்றார். அதற்கு அதிகாரி, "பாவம்னு பாத்து நிலம் கொடுக்க முடியாதும்மா. அந்த இடத்துல இருந்ததுக்கு அடையாளம் வேணும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கரை வேலை எப்படி இருக்கிறது? இந்த அறுப்புக்கு நாணல் உயரமா? குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் கேட்டது இரண்டு. நீ எழுதியது நாணலையும் இருமலையும் பற்றி. பெயிண்டர் என்றால் சுவரைத்தான் பூச வேண்டும், அக்காவின் கேள்வியைப் பூசி மெழுகக் கூடாது.

இதைக் கரையிலிருந்து எழுதுகிறேன். பக்கத்து அடுப்பில் ஈர விறகை வைத்துவிட்டார்கள். அந்தப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். நாணல் ஆளுயரத்துக்கு மேலே நிற்கிறது. உன் மாமாவுக்குக் கரைக்கு வந்ததும் இருமல் பாதியாகிவிட்டது, ஆனால் வாய் இரண்டு மடங்காகிவிட்டது.

உன் பேராசிரியருக்கு என்ன வேண்டுமாம்? தலையில் இறகு சொருகிக்கொண்டு நிற்கட்டுமா? குவாரிப் பள்ளிக்கூடத்தில் துரை வீட்டுப் பாட்டைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், கடையில் கிடைத்த துணியைத்தான் கட்டினோம். பேர்கூட வேண்டாம் என்று வரிசை வீட்டுக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் என்று கூப்பிட்டார்கள். அதெல்லாம் போகட்டும், நம்மிடம் ஒன்று இருக்கிறதே. வேறு யார் கூடாரத்தைப் பிரித்தாலும் குப்பையும் கரியும் கிடக்கும். நாம் கிளம்பினால் சாம்பல் தண்ணீரில் கரைந்திருக்கும், அடுப்புக்குழி மூடியிருக்கும், கடைசி ஆள் பின்னால் நடந்தபடியே தன் காலடியையும் பெருக்கிவிட்டு வருவார். வந்த சுவடு தெரியாமல் போகிற ஜனம் இது. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை உண்டு, உனக்கும் இருந்தது. சின்ன வயதில் அந்தத் துடைப்பத்துக்காக என் கையைக் கடித்தாயே, சுண்டெலி.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உன் மனைவிக்கு நீ யார் என்று தெரியுமா?

அக்கா


மார்ச் 22

அக்கா,

நலம். அவசரமாக எழுதுகிறேன், கலவை காய்கிறது.

குழு கரையைப் பார்க்க வருகிறது. அடுத்த மாதம் முதல் வாரம். ஓட்டல் வக்கீலும் கூட வருவார். சித்தப்பாவிடம் சொல்லி எல்லோரையும் தயாராக இருக்கச் சொல். இது ரொம்ப முக்கியம். தலைவரம்மா எங்கள் மேஸ்திரியிடம், "கண்ணால பாத்தாத்தான் எனக்கு எழுத வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் சொன்னது என்று கேட்டால் என் பேச்சை எடுக்க வேண்டாம். நான் இங்கே பிழைக்க வேண்டும்.

இந்த மாதம் மறுபடி வீடு மாறுகிறோம். வேலை ஜாஸ்தி. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். மாமாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே வேலையை ஆரம்பித்தோம். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், கரை பார்க்கும்படி இருக்க வேண்டாமா? சாம்பலையெல்லாம் அள்ளித் தண்ணீரில் கரைத்தோம். அடுப்புக்குழிகளை மூடினோம். குடிசைக் கம்புகளைப் பிடுங்கி, குழி தெரியாமல் மண்ணை மிதித்து, கரி பட்ட கல்லையெல்லாம் ஏரியில் போட்டோம். உன் மாமா இருமிக்கொண்டே கடைசியாகப் பெருக்கி முடித்தார். சித்தப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்குடா!" என்றார். குளித்து நல்ல துணி கட்டிக்கொண்டு வேலியோரம் வரிசையாக நின்றோம், பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி.

ஜீப்பிலிருந்து தலைவரம்மா இறங்கினார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். "எங்கம்மா தங்குவீங்க?" என்று என்னைத்தான் கேட்டார்.

"இங்கதாம்மா."

"இங்கன்னா எங்க?"

"இதோ, இங்கதான். நேத்து வரைக்கும் இருந்தோம்."

காலியாகக் கிடந்த மண்ணைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஓட்டல் வக்கீல் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "அம்மா, காக்கா உக்காந்துட்டுப் போன தடம்கூட இல்லீங்களே!" அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். பேராசிரியர் மட்டும் குனிந்து குனிந்து தேடினார், பாவம், ஒரு கரித்துண்டுகூட அகப்படவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்ததற்கான அடையாளத்தை நாங்களே அழித்துவிட்டோம். அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

நீயும் ஒரு வரி எழுதவில்லை, துடைக்காதே என்று. உனக்கும் தோன்றவில்லை, இல்லையா? கோபம் கோபமாக வருகிறது. நடுவில் சிரிப்பும் வருகிறது. அங்கே போய்ப் புது ஆளாகிவிட்டான் என்று நினைத்தேன், இவன் எங்கே மாறினான் என்று.

பதில் போடு.

அக்கா


மே 2

தம்பிக்கு,

நலமா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதுமில்லையே என்று முதல் வாரம் கவலைப்பட்டேன். இப்போது கவலை போய் எரிச்சல்தான் மிச்சம்.

இங்கே யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சித்தப்பா வாசலுக்கும் பம்புக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். நான் சாதம் வைத்துவிட்டு அடுப்புப் பற்றவைக்க மறந்துவிட்டேன். நேற்றுப் பெரிய சண்டை. வந்த சுவடு தெரியாமல் போவதுதான் நமக்கு அழகு, அதைச் சொன்னால் குழு கேட்காதா என்று சித்தப்பா வழக்கம் போல ஆரம்பித்தார். நம் அத்தைக்கு ஒரு காது கேட்காது, ஆனால் வேண்டாத நேரத்தில் நன்றாகக் கேட்கும்.

"அழகாம் அழகு! ஒளிஞ்சு பொழச்சதுக்குப் பேரு அழகா?" என்று கத்தினாள். "எங்கப்பன் சொல்லியிருக்கு. வேலி போட்ட பெறகும் நம்ம ஆளுங்க நாணலுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு இருந்தாங்க. துரையோட காவக்காரன் காலையில சாம்பலைத் தொட்டுப் பாப்பான். சூடா இருந்தா சுத்தி இருக்கற நாணலையெல்லாம் கொளுத்துவான், உள்ள யார் இருந்தாலும். அதுக்குத்தாண்டா சாம்பலைக் கரைச்சது! அதுக்கு முன்னாடி நம்ம ஊட்டு வாசல்ல சாம்பமேடு இடுப்பு ஒசரம் இருக்குமாம்."

சித்தப்பா, "நீ சும்மா இரு அக்கா, பெரிய துரை ஆபீசுல இருந்த மாதிரி!" என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் அவர் குரலில் சத்து இல்லை.

தம்பி, அதிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. நம்முடையது என்று நான் ஊரெல்லாம் பேசிய ஒன்று, துரைக்குப் பயந்து வந்ததா? அப்படியானால் நம்முடையது எது? முதலில் வந்தவர்கள் என்பதா? விரட்டப்பட்டவர்கள் என்பதா? நாம் யாரென்று கேட்டால், அவர்கள் செய்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி விசாரணை ஜூன் பதினெட்டு. அதில் தோற்றால் கரை ஓட்டலுக்குத்தான். டவுனில் இருக்கிற ஒருத்தராவது வந்து சொல்ல வேண்டும் என்று தலைவரம்மா குறிப்பாகக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த ஒருத்தன் நீதான். வருவாயா, மாட்டாயா, ஒரு வார்த்தை எழுது.

அக்கா


மே 19

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. உங்கள் தம்பியின் மனைவி. தையல் தைக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம், அதாவது உடம்பால்.

சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனார் என்று பெயிண்ட் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன், "தங்கச்சி, அக்கா லெட்டர் வந்து கெடக்கு, குடுத்துடு" என்று கையில் திணித்தார். எந்த அக்கா? ஒரு அக்கா தூரத்தில் இருக்கிறார், அவருக்குப் படிக்க எழுதத் தெரியாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். உங்களுடைய எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. பிரித்துப் படித்தேன். தப்புதான், ஆனால் வருத்தமில்லை.

முதலில் கொதித்துப்போனேன். இத்தனை வருஷம் யாருடன் குடித்தனம் நடத்தினேன்? பிறகு சும்மா உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக விளங்குகிறது. நாங்கள் வீடு மாறிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு வீட்டையும் காலி செய்யும்போது எனக்கும் அவருக்கும் சண்டை. சுவரில் ஓர் ஆணி விட மாட்டார், பிடுங்கி ஓட்டைக்குப் பட்டி வைத்து வண்ணம் அடிப்பார். அடுப்பு மேடையைக் கல் தேயும் வரை தேய்ப்பார். கடைசியில் என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளிருந்து வாசல் வரை பின்னால் நடந்தபடியே பெருக்கிக்கொண்டு வருவார். ஏன் இப்படி என்றால் "பெயிண்டர் புத்தி" என்பார். எடுக்க நேரமாகும் என்று இப்போதெல்லாம் ஆணியே அடிக்க விடுவதில்லை. என் அப்பாவின் படம் தையல் மிஷின் மேல் சாய்ந்தே கிடக்கிறது, அண்ணி. அதில் எனக்கு ரொம்ப நாள் அழுகை உண்டு.

கடிதத்தை ஒட்டிக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். நான் படித்தது அவருக்குத் தெரியாது. படித்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. தூரிகையைக் கழுவினதையே கழுவுகிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு நீங்கள் வராதது உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாததாலா? எங்கள் வீட்டு முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி


மே 30

தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன், என் வீட்டுக்காரரிடம் வெங்காயம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

கல்யாணம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதை இப்போது விடு.

அவன் உனக்குப் பயந்து மறைக்கவில்லை என்றே நினைக்கிறேன். டவுனுக்குப் போன புதிதில் வீடு கேட்டு அலைந்தான். எல்லா வீட்டுக்காரரும் ஒரே பாட்டு: "நாணக்காரனுக்கு வீடு விட்டா விடிஞ்சு பாத்தா ஆளே இருக்காது, சுவடே தெரியாது." கடைசியில் ஒரு வீட்டில் வேறு ஏதோ சொல்லிச் சாவி வாங்கியிருக்கிறான். ஒரு தடவை சொன்னால் பிறகு அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பான். நான் அவனுக்குப் பரிந்து பேசவில்லை. நன்றாகத் திட்டு. ஆனால் விசாரணை முடிந்த பிறகு திட்டு.

நீ எழுதினதில் அந்தப் பின்னால் நடந்து பெருக்குகிற இடத்தை நான் பலமுறை படித்தேன். இங்கே யாரும் அவனைப் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் எவனுக்குப் பயந்து பெருக்குகிறான்? அத்தை சொன்னது நிஜமாகவே இருக்கட்டும். பயத்துக்குப் பிறந்ததானாலும் நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைதானே அது.

பதினெட்டாம் தேதி நான் வருகிறேன். நீலச் சேலை கட்டியிருப்பேன்.

அண்ணி


ஜூன் 21

அக்கா,

நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் மாமாவுக்குச் சிரமம் இல்லையே? அன்றைக்குக் கூட்டத்தில் சரியாகப் பேசவே முடியவில்லை. கண்டதையெல்லாம் நீயும் கண்டாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

நான் வருவதாக இல்லை. அன்று விசாரணை அறை வராந்தாவில் கதவுக்கு எனாமல் அடிக்க வேண்டிய வேலை. கதவு திறந்தே இருந்ததால் உள்ளே சித்தப்பா தடுமாறுவது கேட்டது. வக்கீல், "ஒரு சுவடும் இல்லாத ஜனம் எந்த இடத்துக்கும் சொந்தமான ஜனம் இல்ல, அம்மா" என்றார். நான் அடித்த இடத்தையே மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். எனாமல் வழிந்தது. பிறகு டப்பாவைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது, உள்ளே போனது நினைவில்லை.

"நான் நாணக்காரன். பெயிண்டர். இந்த ரூமுக்கு நான்தான் பெயிண்ட் அடிச்சேன்" என்று சொன்னேனாமே? எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிறகு வந்ததெல்லாம் உன் கடிதத்தில் இருந்த அத்தையின் பேச்சுதான்: "சாம்பலைக் காட்டுங்கன்னு கேக்கறீங்க. சாம்பலைத் தொட்டுப் பாத்துத்தான் எங்களைக் கொளுத்தினாங்க. சாம்பல் இல்லாததுக்கு நாங்க காரணம்னா, எங்களைக் கரைக்க வச்சவன் யாரு? அதையும் சேத்து எழுதுங்க."

எந்த வீட்டைக் காலி செய்தாலும் ஆணி ஓட்டையைக்கூட அடைத்துவிட்டுத்தான் வருவேன் என்றும் சொன்னேன். வக்கீல், எந்தப் பெயிண்டரும் ஓட்டைக்குப் பட்டி வைப்பான், இதில் என்ன ஜனம் என்று மடக்கினார். அப்போதுதான் பின்னாலிருந்து குரல். என் வீட்டுக்காரி சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறாள்! "எந்தப் பெயிண்டர் சார் தன் காலடியப் பெருக்கிக்கிட்டே பின்னாடி நடந்து போவாரு? நான் ஏழு வீட்டுல பாத்தேன். சொல்லச் சொல்லுங்க, அந்த ஆணியெல்லாம் எங்கேன்னு!" தலைவரம்மா சிரித்தது அன்றுதான்.

அவர் கடைசியில் சொன்னதை நீ வெளியே போன பிறகு சித்தப்பாவிடம் மறுபடியும் சொன்னார். பேச்சு மனசில் படுகிறது, ஆனால் தீர்ப்புக்குப் போதாது. அடுத்த அறுப்பு முடிந்து நீங்கள் கிளம்பிய மறுநாள் குழு வரும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பேப்பரில் என் படம் வந்தது. வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே வந்து, காலி செய்யச் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் திட்ட ஆரம்பித்தாள், இன்னும் முடியவில்லை. எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

உன் தம்பி


அக்டோபர் 27

தம்பிக்கும் தங்கச்சிக்கும்,

இரண்டு பேரும் நலமாக இருக்கிறீர்களா? திட்டு முடிந்ததா? இங்கே எல்லோரும் நலம், இருமலும் நலம்.

விட்டுவிட்டு வருவது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. அறுப்பு முடிந்தது, கட்டுக் கட்டியாயிற்று. அடுப்பு அப்படியே கிடக்கிறது, சாம்பல், கரி, பாதி எரிந்த விறகு. வேலி வரை நடந்தோம். உன் மாமா திரும்பிப் பார்த்தார். "ஒரு பிடி மட்டும் அள்ளிட்டு வந்துடறேன்" என்றார். அவரை இழுத்துக்கொண்டு வந்தால், சித்தப்பா காணோம். அங்கே குனிந்து எதையோ பெருக்கிக்கொண்டிருந்தார்! அத்தை போய் விளக்குமாற்றைப் பிடுங்கி முட்டியில் வைத்து ஒடித்தாள். அன்று முழுக்க எனக்குக் கை அரித்தது. துணியில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் குழு வந்தது. வக்கீல் விடவில்லை. "நேத்து வச்ச சாம்பல் இது. சொல்லிவச்சு வச்சது" என்றார். அவர் சொன்னதும் உண்மைதானே! பேராசிரியர்தான், "இடம் இதுதான்னு இப்பத் தெரிஞ்சுதே, தோண்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார். போன தடவை எங்கே தோண்டுவது என்றே அவருக்குத் தெரியாதாம், அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தோம்.

சாம்பலை ஒதுக்கிவிட்டு வெட்டினார்கள். அடியில் மண் செங்கல் மாதிரி சிவந்து கிடந்தது. அதன் கீழே ஒரு பூச்சு மண், மறுபடி சிவப்பு. மறுபடி மண், மறுபடி சிவப்பு. சாம்பலைத்தான் கரைத்தோம் தம்பி, வெந்த மண்ணை யார் கரைக்க முடியும்? ஒரு குறியும் வைக்காமல் ஒவ்வொரு அறுப்புக்கும் அதே இடத்தில்தான் அடுப்பு மூட்டியிருக்கிறோம். எனக்கே தெரியாது, அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இன்னும் ஆழமாகப் போனார்கள். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு நின்றுவிட்டது. அங்கே சாம்பல். ஒரு பிடி, இரண்டு பிடி இல்லை. முழங்கை ஆழத்துக்குச் சாம்பல், நடுவே சட்டி ஓடு, மீன் முள். யாருக்கும் பயப்படாமல் கொட்டின சாம்பல். அத்தை குழி ஓரத்தில் உட்கார்ந்து கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். காவல்காரன் தொட்டுப் பார்ப்பானே, அந்த மாதிரிப் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சு" என்றாள். பிறகு ஓவென்று அழுதாள். தலைவரம்மா வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். வக்கீல் ஜீப்புக்குப் போய்விட்டார்.

நேற்று உத்தரவு வந்தது. கரை நம்முடையது. டவுனுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு ஹவுஸ் பக்கம் மட்டும் இல்லை, அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டுமாம். போடுவோம். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்? எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியாமல் இதைப் பழையபடி கடைக்கே அனுப்புகிறேன்.

அக்கா


நவம்பர் 15

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அவள் உரக்கப் படித்தாள், கடைக்கார அண்ணனும் கேட்டார்.

பேப்பரில் படம் வந்த ஆளுக்கு வீடு கிடைக்கவில்லை. ஒன்பது வீடு ஏறி இறங்கினோம். கடைசியில் அண்ணன்தான், "மேல ரூம் காலியாத்தான் கெடக்கு, டப்பாவெல்லாம் ஒதுக்கிட்டு இருந்துக்க. சுவடு தெரியாமப் போற ஆளுன்னா எனக்கு இன்னும் நல்லதுதானே" என்று சிரித்தார். வந்த அன்றே அவள் சுத்தியலை என் கையில் கொடுத்தாள். மாமனார் படத்தை மாட்டியாயிற்று. எப்போதாவது இந்த வீட்டைக் காலி செய்தால் பெருக்கத்தான் செய்வேன், அது என்னால் விட முடியாது. அந்த ஆணியை மட்டும் பிடுங்க மாட்டேன்.

மாசி அறுப்புக்கு இரண்டு பேரும் வருகிறோம். அவளுக்கு நாணல் அறுக்க வராது, சொல்லிவிட்டேன். அந்தக் குழியை மூடாமல் வை, நானும் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

முகவரி அதேதான், அக்கா. பெயிண்ட் கடை. ஆனால் இப்போது வீட்டுக்குத்தான் எழுதுகிறாய். உறையின் மேல் நாணல்காரன் என்று பெரிய எழுத்தில் போடு. எங்கள் தெருத் தபால்காரருக்குக் கீழேயிருந்து சத்தமாகப் படித்துக் கூப்பிடுகிற பழக்கம் உண்டு.

உன் தம்பி